டொங்கிளுக்கு இரண்டு முகம்

டொங்கிள் எண்டு நாங்கள் சொல்லுற அந்தச் சின்ன யூஎஸ்பி மோடம், கொம்பியூட்டரில் குத்தின உடனே தன்னை மோடம் என்று சொல்லிக்கொள்ளாது. "நான் ஒரு சீடி" என்றுதான் சொல்லும். பகிடி இல்லை, உண்மையாகவே அப்படித்தான். விண்டோஸ் பாவிக்கிற ஆட்களுக்கு இது தெரியவேண்டிய தேவையே வராது. குத்தினால் ஒரு சீடிப் படம் வரும். அதுக்குள்ள இருக்கிற மென்பொருள் தன்பாட்டில் ஏறும். பிறகு 'கனெக்ட்' எண்ட பட்டனை அமத்தினால் சரி. லினக்ஸ் பாவிக்கிற ஆளுக்குச் சீடிப் படத்தோட கதை முடிஞ்சுது.

இப்படிச் செய்ததற்கு ஒரு நியாயம் இருக்கு. மோடத்தை ஓடவைக்க டிரைவர் வேணும். முந்தி அதைத் தனிச் சீடியாகப் பெட்டிக்குள் வைத்துக் கொடுப்பார்கள். சீடி போடுற தட்டே இல்லாத லப்டொப்கள் வரத் தொடங்கின பிறகு, சீடியை மோடத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். குத்தினதும் அது சீடியாக நடிக்கும். டிரைவர் ஏறினதும் அந்த மென்பொருள் ஒரு இரகசியச் சொல்லை அனுப்பும். சொல் காதில் விழுந்ததும் டொங்கிள் வேஷத்தைக் கலைத்துவிட்டு மோடமாக மாறும். இதுக்கு 'சீரோ சீடி' எண்டு பெயர். விண்டோஸையும் மக்கையும் மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு இது. லினக்ஸுக்கு அந்தச் சொல்லை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்ல.

நான் கலைப்பீடம். வரலாறு படிக்கிறேன். எனக்கு இதெல்லாம் ஏன் தெரியவேண்டி வந்தது எண்டால், 2022 தான் காரணம்.

அந்த வருசத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, கரண்ட் கட். 200 ரூபாயில் நிண்ட டொலர் ஒரு இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. வருச நடுவில பஸ் ஓட எண்ணெய் இல்லை என்று கம்பஸ் திரும்பவும் சூமுக்குப் போனது. எங்கட வீடு கிளிநொச்சிப் பக்கம், ஏ9 வீதியில இருந்து நல்லா உள்ளுக்க. வீட்டில் ஒழுங்காக வேலை செய்த ஸ்மார்ட்போன் ஒண்டே ஒண்டுதான், அது தம்பியின்ர கையில. அவன் அந்த முறை உயர்தரம். சோதனை கடைசியில் 2023 ஜனவரியில்தான் நடந்தது, ஆனால் அப்ப அது ஆருக்குத் தெரியும்? அவனுக்குக் காலமை எட்டு மணிக்கு இணைய வகுப்பு, எனக்கும் எட்டு மணிக்கு விரிவுரை. எங்களுக்கு 80 வீத வரவு இல்லாட்டில் சோதனை எழுத ஏலாது. அந்த வரவை ஒன்லைன் விரிவுரைக்கும் எடுத்தார்கள். ஒரு போனை ரெண்டாகப் பிளக்க ஏலாது. அம்மா ரெண்டு பேரையும் பார்த்து ஒண்டும் சொல்லாமல் இருப்பா, அதுதான் கூடக் கஷ்டமா இருந்தது.

லப்டொப் இருந்தது. சித்தப்பா பாவிச்சு முடிச்சுத் தந்த, 2 ஜீபி ராம் உள்ள பழசு. அதில் இருந்த விண்டோஸ் எழும்பி வரமுதல் ரீ ஊத்திக் குடிச்சுப்போட்டு வரலாம். கம்பஸ் மூட முதலே விஞ்ஞானபீடத்து அக்கா ஒருத்தி அதை அழிச்சுப்போட்டு டெபியன் லினக்ஸைப் போட்டுத் தந்தா. பழைய மெஷின் எண்டபடியால் தேவையில்லாத ஒண்டும் இல்லாமல், எலும்பும் தோலுமாகத்தான் போட்டவ. அதுக்குப் பிறகு லப்டொப் பறந்தது எண்டு சொல்லமாட்டேன், நடந்தது.

வீட்டுக்கு வைக்கிற ரவுட்டர் வாங்கலாமே எண்டு கேக்கலாம். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், ரவுட்டர் கரண்ட் போனதும் செத்துப்போகும். டொங்கிள் லப்டொப்பின் பற்றரியில் இருந்தே சாப்பிடும். கரண்ட் கட் நேரத்தில் இது சின்ன விசயமில்லை. அப்பாவின்ர கூட்டாளி ஒருவரின் லாச்சிக்குள் பழைய த்ரீஜி டொங்கிள் ஒண்டு சும்மா கிடந்தது. "பிள்ளை படிக்கிறதெண்டால் கொண்டுபோங்கோ" எண்டு தந்துவிட்டார்.

குத்தினேன். பச்சை லைற் மினுங்கினது. திரையில் ஒரு சீடிப் படம் வந்தது. திறந்தால் உள்ளுக்க விண்டோஸ் கோப்புகள். அவ்வளவுதான். நெற்வேர்க் பட்டியலில் ஒண்டையும் காணேல்ல.

சிம் தந்த நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்கு அம்மாவின்ர பட்டன் போனில் எடுத்தேன். தமிழுக்கு இலக்கத்தை அமத்தி, பாட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு தம்பி கதைத்தார். பண்பாகத்தான் கதைத்தார். "விண்டோஸ் எத்தினை மிஸ்?" எண்டு கேட்டார். லினக்ஸ் எண்டன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப விண்டோஸ் உள்ள ஒண்டில போட்டுப் பாருங்கோ மிஸ்" எண்டார். அவரில் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு முன்னால இருக்கிற தாளில் எழுதியிருக்கிறதைத்தானே அவர் வாசிக்கலாம்.

அக்காவுக்குத் தம்பியின்ர போனில இருந்து வொய்ஸ் போட்டேன். பின்னேரம் பதில் வந்தது. "டேர்மினலைத் திறந்து எல்எஸ்யூஎஸ்பி எண்டு அடியும். எல், எஸ், யூ, எஸ், பீ. எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி விடாதேயும். என்ன இலக்கம் வருது எண்டு சொல்லும்."

அந்தக் கட்டளை, யூஎஸ்பியில் குத்தியிருக்கிற எல்லாச் சாமானையும் வரிசையாகக் காட்டும். மௌஸ், கமரா, எல்லாம். ஒவ்வொண்டுக்கும் இரண்டு இலக்கம். முதலாவது செய்த நிறுவனத்துக்குரியது, இரண்டாவது அந்தச் சாமானுக்குரியது. எங்கட அடையாள அட்டை மாதிரித்தான், ஆனால் ஒரு வித்தியாசம்: டொங்கிளின் இரண்டாவது இலக்கம் மாறும். வேஷத்துக்கு ஒரு இலக்கம், உண்மையான முகத்துக்கு இன்னொரு இலக்கம். எங்கடதில் வந்தது 1446. அக்காவுக்குச் சொன்னதும் சிரிச்சா. "அது சீடி இலக்கம். மோடம் இன்னும் நித்திரை."

லினக்ஸில் மோடத்துக்கான டிரைவர் இல்லாமல் இல்லை. கேர்னலுக்குள்ளேயே இருக்கு, 'ஒப்ஷன்' எண்டு பெயர். மோடம் எண்டு ஒண்டு வந்து நிண்டால் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் வந்து நிண்டது சீடி. சீடியைச் சீடியாக நடத்தினதில் லினக்ஸில் ஒரு பிழையும் இல்லை. டொங்கிளும் பழுதில்லை. இரண்டும் நல்லாத்தான் இருக்கு, ஆனால் ஒண்டோட ஒண்டு கதைக்கேல்ல. இப்படியான பிரச்சினைகள் வீட்டிலயும் வாறதுதான்.

சில டொங்கிள்களுக்கு லேசான வழி ஒண்டு இருக்கு. சீடியை வெளியில எடுக்கிற 'இஜெக்ட்' கட்டளையைக் குடுத்தால் போதும். 'சீடியை எடுத்தாச்சு, இனி நடிக்கத் தேவையில்லை' எண்டு அது தானே மாறிவிடும். அக்கா முதலில் அதைத்தான் செய்யச் சொன்னா. எங்கட டொங்கிள் அசையேல்ல. சீடிப் படம் போனது, திரும்பவும் வந்தது.

அப்ப மற்ற வழி. யூஎஸ்பி மோட்சுவிச் எண்டு ஒரு மென்பொருள். இந்த வேஷம் கலைக்கிற வேலைக்கெண்டே எழுதினது. வழமையான லினக்ஸ் நிறுவல்களில் அனேகமாகக் கூடவே வரும். எலும்பும் தோலுமான எங்கட நிறுவலில் அது இல்லை. அதை எடுக்க இன்ரநெற் வேணும். இன்ரநெற்றுக்கு அது வேணும். இந்த இடத்தில் நான் லப்டொப்பை மூடிவிட்டுக் கிணத்தடிக்குப் போய் முகம் கழுவினது நினைவிருக்கு.

தம்பியின்ர பக்கேஜில் பகல் டேட்டா அவன்ர வகுப்புக்கே காணாது. இரவு பன்னிரண்டுக்குப் பிறகு நைட் டேட்டா இருந்தது. அவன் நித்திரை கொண்ட பிறகு போனை எடுத்து, சார்ஜ் வயரால் லப்டொப்போட குத்தி, 'யூஎஸ்பி டெதரிங்' எண்டதை ஒன் பண்ணினேன். போனை லினக்ஸ் உடனே பிடித்துக்கொண்டது. ஒரு கேள்வியும் கேக்கேல்ல. மோட்சுவிச், அதோட வாற தரவுத்தொகுதி, மோடம் மனேஜர், மினிகொம், எல்லாத்தையும் இறக்கினேன். இதில் மோட்சுவிச்சும் அதன் தரவும் சேர்ந்தாலும் போனில் எடுக்கிற ஒரு படத்தின் அளவுகூட வராது. இந்த இத்துனூண்டுக்குத்தான் ஒரு கிழமையாக விரிவுரை போனது.

அந்த மென்பொருளை எழுதினவர் யொசுவா டீட்சே எண்ட ஜேர்மன்காரர். விண்டோஸ் மென்பொருள் டொங்கிளுக்கு அனுப்புகிற செய்தியை ஒட்டுக்கேட்டு, அதே செய்தியை லினக்ஸில் இருந்து அனுப்பினால் என்ன எண்டதுதான் அடிப்படை. எல்லா டொங்கிளுக்கும் ஒரே செய்தி இல்லை. உலகம் முழுக்க இருக்கிற ஆட்கள் தங்கட தங்கட டொங்கிளின் செய்தியைக் கண்டுபிடித்து அவருக்கு அனுப்ப, அவர் அதையெல்லாம் ஒரு பட்டியலாகச் சேர்த்து இலவசமாக விட்டார். நான் இறக்கின தரவுத்தொகுதி அந்தப் பட்டியல்தான். 1446 அதில் இருந்தது. எங்கேயோ இருக்கிற ஆரோ ஒருத்தர், இதே மாதிரி ஒரு டொங்கிளோட, எனக்கு முதலே இருந்து மினைக்கெட்டிருக்கிறார்.

அந்த இரகசியச் சொல் எப்பிடி இருக்கும் எண்டு பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். 55534243 எண்டு தொடங்குது. பிறகு 12345678. பிறகு நிறையச் சைபர். முதல் எட்டு இலக்கத்தையும் இரண்டிரண்டாகப் பிரித்து எழுத்தாக்கினால் யூ, எஸ், பீ, சீ எண்டு வரும். இந்த மாதிரி யூஎஸ்பி சேமிப்புச் சாதனங்களுக்குப் போகிற கட்டளைகள் இந்த நாலு எழுத்தோடதான் தொடங்கவேணும். அடுத்த 12345678 கட்டளைக்குப் போடுகிற ஒரு அடையாளக் குறி, அதில் எதையும் போடலாம். ஆரோ ஒரு பொறியியலாளர் யோசிக்கப் பஞ்சிப்பட்டு 12345678 எண்டு அடித்திருக்கிறார். எங்கட வைஃபை பாஸ்வேர்ட் மாதிரியே. அதைப் பார்த்தபிறகு எனக்கு இந்தச் சாமான்களில இருந்த பயம் கொஞ்சம் போனது எண்டுதான் சொல்லவேணும்.

டொங்கிளைக் கழட்டித் திரும்பக் குத்தினேன். இரண்டு செக்கன். சீடிப் படம் வந்தது, போனது. எல்எஸ்யூஎஸ்பி அடித்தேன். 1506.

நடுச்சாமம் ஒரு மணிக்கு ஒரு இலக்கம் மாறினதுக்குச் சந்தோசப்படுற ஆளாக நான் வருவன் எண்டு கனவிலயும் நினைக்கேல்ல.

இனிமேல்தான் இணைக்கிற வேலை. நான் லப்டொப்பின் மொழியைத் தமிழாக வைத்திருந்தேன். அதில் நெற்வேர்க்குக்குப் 'பிணையம்' எண்டு போட்டிருக்கு. எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது வலையமைப்பு. பிணை எண்டால் எங்களுக்குக் கோட்டில் எடுக்கிறதுதான் ஞாபகம் வரும். இன்ரநெற் எடுக்க ரெண்டு சாட்சி கொண்டுவரவேணுமோ எண்டு தம்பி பிறகு கேட்டான். மொழிபெயர்த்தவர்கள் தமிழ்நாட்டில் இருந்து செய்திருக்கவேணும், அங்கே அது பழகின சொல்லாக இருக்கலாம். குறை சொல்லேல்ல, செய்தவர்களாவது இருக்கினம். எங்கட பக்கத்துச் சொற்களைச் சேர்க்க நாங்கள் இன்னும் போகேல்ல எண்டதுதான் விசயம்.

பிணையத்துக்குள் போய்ப் புதிய மொபைல் இணைப்பை உருவாக்க, ஏபிஎன் எண்டு ஒரு பெயர் கேக்கும். சிம் நிறுவனத்தின் வாசல் மாதிரி ஒண்டு அது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. அந்தப் பெயர் பிழைச்சால் எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. டயல் பண்ணுகிற இலக்கம் *99#. இதைக் கண்டதும் எனக்கு வியப்பு. டேட்டாவுக்கு ஏன் டயல்? அங்கேதான் வரலாற்றுக்காரிக்கு ஒரு வேலை வந்தது. டொங்கிள் தன்னை உள்ளுக்குள் பழைய காலத்துத் தொலைபேசி மோடமாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கு. அதோடு கதைக்கிற மொழி 1981இல் ஹேய்ஸ் எண்ட அமெரிக்க நிறுவனம் தன்ர ஸ்மார்ட்மோடத்துக்குச் செய்தது. எல்லாக் கட்டளையும் ஏ, டி எண்ட இரண்டு எழுத்தோட தொடங்கும். 'அட்டென்ஷன்', அதாவது 'இஞ்ச பார்' எண்டதன் சுருக்கம். மினிகொம் ஊடாக ஏ, டி எண்டு மட்டும் அடித்தால் டொங்கிள் 'ஓகே' எண்டு பதில் சொல்லும். நான் பிறக்க இருபது வருசத்துக்கு முதல் செய்த மொழி, கிளிநொச்சியில் ஒரு வீட்டில் இரவு ஒரு மணிக்கு ஓகே சொல்லுது. வரலாறு எண்டால் கல்வெட்டு மட்டும்தான் எண்டு நினைக்கிற ஆட்களுக்கு இதைக் காட்டவேணும்.

இணைந்தது. ஆனால் ஆமை வேகம். சூமில் விரிவுரையாளரின் குரல் தண்ணிக்குள்ள இருந்து வாற மாதிரி.

இதுக்கும் அந்தப் பழைய மொழி உதவினது. ஏ, டி, பிறகு சக அடையாளம், பிறகு சீ, எஸ், க்யூ. இப்பிடி அடித்தால் சிக்னலின் பலத்தை 0 இல் இருந்து 31 வரை ஒரு இலக்கமாகச் சொல்லும். 99 எண்டு சொன்னால் அதுக்கே தெரியேல்ல எண்டு அர்த்தம். மூலையில் வாற அந்த நாலு கோட்டை விட இது எவ்வளவோ மேல், ஏனெண்டால் கோடு பொய் சொல்லும். மோடம் மனேஜரைக் கொஞ்சம் நிப்பாட்டிவிட்டு வீடு முழுக்க அளந்தேன். என்ர மேசையில் 6. சாமியறையில் 5. குசினி யன்னலில் 11. யூஎஸ்பி வயரை ஐந்து மீற்றருக்கு மேல் இழுக்கக்கூடாது, நான் மூன்று மீற்றர் நீட்டு வயர் ஒண்டைக் கிளிநொச்சிக் கடையில் வாங்கி, டொங்கிளை யன்னல் கம்பியில் கட்டினேன். பிறகு அம்மாவின்ர பழைய அலுமினியத் தாச்சியை அதுக்குப் பின்னால, கோபுரம் இருக்கிற பக்கத்தைப் பார்க்க நிமித்தி வைத்தேன். டிஷ் அன்ரனா மாதிரித்தான், சிக்னலைக் கூட்டி நடுவில் தரும். 15. அரை அங்குலம் அரக்கினால் 13. திரும்ப அரக்கினால் 15. அம்மா வந்து பார்த்துவிட்டு, "கத்தரிக்காய் பொரிக்க எனக்குத் தாச்சி வேணும், எத்தினை மணிக்கு உன்ர வகுப்பு முடியும்?" எண்டு மட்டும் கேட்டா.

கரண்ட் கட் நீண்டால் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும். அப்ப தாச்சியும் ஒண்டும் செய்யாது. இலக்கம் 99க்குப் போய்விடும். அதுக்கு நான் செய்ய ஒண்டுமில்லை. ஆனால் மற்ற நாட்களில் என்ர லப்டொப்பில் என்ர விரிவுரை, தம்பியின்ர போனில் அவன்ர வகுப்பு, ஒரே நேரத்தில் நடந்தது. அந்தத் தவணை எனக்கு 80 வீதத்துக்கு மேல் வந்தது.

கம்பஸ் திறந்தபிறகு இந்தக் கதையைச் சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். "ஆர்ட்ஸ் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" எண்டது ஒண்டு. சொந்தக்காரர் ஒருவர் என்ர முகத்துக்கு நேரேயே கேட்டவர். நான் அந்த இரவு செய்த வேலை என்னவெண்டு யோசிச்சுப் பாருங்கோ. பதிவை வாசிக்கிறது, ஒரு இலக்கம் என்னத்தைக் குறிக்குது எண்டு தேடுறது, இது தன்னைப்பற்றித் தானே சொல்லுறதை அப்பிடியே நம்பலாமோ எண்டு பார்க்கிறது. எங்களுக்கு முதலாம் வருசத்தில் சான்றாதாரம் எண்டு படிப்பிக்கிறது இதைத்தானே.

மற்றது லினக்ஸ்காரரின்ர பதில். "லினக்ஸ் ஈசி, எல்லாம் ப்ரீ." இதையும் நான் முழுக்க ஒத்துக்கொள்ளமாட்டேன். காசு இல்லைத்தான். ஆனால் ஒரு இரவு நித்திரையும் இங்கிலீசும் வேணும். நான் தேடின நேரம் ஆங்கிலத்தில், போர்த்துக்கேய மொழியில், ரஷ்ய மொழியில் எல்லாம் இந்த டொங்கிளைப்பற்றி எழுதி வைத்திருந்தார்கள். தமிழில் எனக்கு ஒண்டும் அகப்படேல்ல. அக்கா ஒருத்தி வொய்ஸ் போடாமல் விட்டிருந்தால் எல்எஸ்யூஎஸ்பி எண்ட சொல்லையே நான் கண்டிருக்கமாட்டேன். அந்த அக்கா எல்லா வீட்டுக்கும் இல்லை.

அதால ஒரு கொப்பித் தாளில் தமிழில் எழுதினேன். முதலில் இலக்கத்தைப் பார். சீடி இலக்கமா? இஜெக்ட் குடுத்துப் பார். சரிவராட்டில் மோட்சுவிச்சைப் போனால் இறக்கு. இலக்கம் மாறிச்சுதா? ஏபிஎன். பிறகு சிக்னலை அள. விடுதியில் ஒருத்தி கேட்டா, படம் எடுத்து அனுப்பினேன். அவ தன்ர ஊரில் இருக்கிற மச்சாளுக்கு அனுப்பியிருக்கிறா. இப்ப அந்தத் தாளின் படம் எங்கேயெல்லாம் சுத்துது எண்டு எனக்குத் தெரியாது. போன மாதம் எனக்கே ஒருத்தர் அனுப்பினார், "அக்கா, இது உங்களுக்கு உதவும்" எண்டு.

இப்ப என்ர மேசையில் ஜூனியர் பிள்ளை ஒருத்தியின் டொங்கிள் கிடக்கு. இது போர்ஜி. இந்த வகை வேஷம் கலைஞ்ச பிறகும் மோடமாக வராது. ஒரு சின்ன ரவுட்டர் மாதிரி வந்து நிக்கும். டயல் இல்லை, *99# இல்லை, உலாவியில் 192.168.8.1 எண்டு அடித்தால் அதின்ர பக்கம் திறக்கும் எண்டு வாசிச்சன். ஏ, டி எண்டு கூப்பிட்டால் ஓகே சொல்லுமோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை குத்திப் பார்க்கவேணும்.